கேஸ் கிரிடில் புதிதா? பொருத்துவதிலிருந்து கழுவி வைப்பது வரை

கிரிடில், அதாவது தோசைக்கல் போலப் பெரிய தட்டையான உலோகக் கல் உள்ள கேஸ் அடுப்பு, வந்து இறங்கியதும் உடனே கேஸை இணைத்துப் பற்றவைத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைத் தேடிப் படியுங்கள். அடுப்பு எல்பிஜிக்கானதா, குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கானதா என்று அதில் போட்டிருக்கும். எல்பிஜி கூடுதல் அழுத்தத்தில் வரும், ஒரே அளவு வாயுவில் அதற்கு வெப்பமும் அதிகம். அதனால் அதற்கான ஜெட்டின் (பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சும் மூக்கின்) துளை சிறியது. இயற்கை எரிவாயுவுக்கான பெரிய துளையில் எல்பிஜியை விட்டால் தீ தாறுமாறாக எழும்பும், கரி அப்பும், கார்பன் மோனாக்சைடும் கூடும். தகடும் கேஸும் பொருந்தவில்லையா? இணைக்காதீர்கள். ஜெட், ரெகுலேட்டர் இரண்டையும் உரிமம் பெற்ற டெக்னீஷியன் மாற்றித் தரட்டும். கேஸ் லைன் இணைப்பையும் அவரிடமே விடுங்கள். பக்கத்தில் நின்று கவனிப்பது மட்டும் உங்கள் வேலை.

இடம் பார்ப்பது

எக்ஸாஸ்ட் ஹூடுக்கு நேர் கீழே, எரியாத தளத்தின் மேல் வையுங்கள். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் உள்ள அளவைக் குறைக்காதீர்கள். ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்துக் கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். சாய்ந்திருந்தால் எண்ணெய் ஒரே மூலையில் தேங்கும். அடியிலும் பின்னாலும் உள்ள காற்றுத் துளைகளை எதுவும் அடைக்கக் கூடாது.

கசிவுச் சோதனை

இதை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலக்கிக்கொள்ளுங்கள். கிரிடில் குமிழ்களை எல்லாம் மூடிவிட்டு மெயின் வால்வைத் திறங்கள். ஒவ்வொரு இணைப்பையும் சுற்றிப் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, அவசரப்படாமல் பாருங்கள். பெரிய கசிவு உடனே நுரைத்துவிடும். சின்னக் கசிவு அப்படிக் காட்டாது. திருகின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல உப்பி உடையும், அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். அதைப் பார்த்தால் வால்வை மூடிவிட்டு இணைப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள், மறுபடியும் தடவிப் பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிக் கசிவு தேடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

முதல் தடவை பற்றவைப்பது

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். அதனால் குனிந்து கீழேயும் முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் மெயின் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வாடை இல்லையென்றால் ஹூடைப் போட்டுவிட்டு, பைலட்டை, அதாவது பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடரை, ஏற்றுங்கள். தெர்மோகப்பிள் உள்ள மாடல்களில் சுடர் வந்த பிறகும் குமிழை அரை நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். பைலட்டின் சூட்டில் தெர்மோகப்பிளில் உண்டாகும் சிறு மின்னழுத்தம்தான் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறது, அது சூடாக நேரம் வேண்டும். சீக்கிரம் கையை எடுத்தால் சுடர் அணைந்துவிடும். அணைந்தால் குமிழை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி முயல வேண்டும். தேங்கிய கேஸ் குப்பென்று பிடிப்பது இந்த இடத்தில்தான்.

அப்புறம் தீயின் நிறம். நீலமாக, அசையாமல் எரிய வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டினால் காற்றுக் கலப்பு போதவில்லை, அல்லது பர்னரில் அடைப்பு இருக்கிறது.

கல்லைப் பழக்குவது

புதுக் கல்லில் துருப்பிடிக்காமலிருக்கப் பாதுகாப்பு எண்ணெய் பூசியிருப்பார்கள். வெந்நீரும் சோப்பும் போட்டு அதைத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். கல்லைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கி, துணியை இடுக்கியில் பிடித்துச் சமையல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவுங்கள். புகை அடங்கும்வரை விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள். மூன்று நான்கு சுற்றில் கல் கறுத்துப் பளபளப்பாகும். எண்ணெய் தாராளமாக இருந்தால் நல்லதுதானே என்று ஊற்றினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். குரோம் பூசிய கல்லுக்கு இந்தப் பழக்கல் தேவையே இல்லை.

தினமும்

குறைந்த தீயில் தொடங்கி, கல் முழுக்கச் சூடேற 15 முதல் 20 நிமிடம் கொடுங்கள். வேலை முடிந்ததும் கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுரண்டியால் வழித்து, கிரிடில் கல்கட்டியால் (தேய்த்துச் சுத்தம் செய்யும் சொரசொரப்பான கட்டியால்) உலோகத்தின் வரி ஓடும் வாக்கில் தேயுங்கள். குரோம் கல்லில் கல்கட்டி ஆகாது. கொதிக்கும் கல்லில் ஐஸோ குளிர்ந்த தண்ணீரோ கொட்டாதீர்கள். கல் வளைந்துபோகும், ஆவி கையைப் பொசுக்கிவிடும். கடைசியாக லேசாக எண்ணெய் தடவி வையுங்கள்.

எண்ணெய் வடியும் டிரேயை நிரம்பும்வரை விடாதீர்கள், தீ அங்கிருந்துதான் கிளம்பும். அப்படி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எட்ட முடிந்தால் கேஸை மூடுங்கள், சமையல் எண்ணெய்த் தீக்கான ஈர ரசாயன அணைப்பானைப் பயன்படுத்துங்கள். அந்த அணைப்பானைக் கிரிடிலுக்குப் பக்கத்தில் மாட்டாமல், வெளியே போகும் வழியில் மாட்டி வையுங்கள்.

வாரம் ஒருமுறை கல்லும் பர்னரும் நன்றாக ஆறிய பின் பர்னர் துளைகளில் அடைப்பு இருக்கிறதா, ஹோஸில் வெடிப்போ மடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தையும் வால்வுகளையும் டெக்னீஷியன் சோதிக்கட்டும். சுத்தம் செய்ய எப்போதாவது அடுப்பை நகர்த்தினால், திரும்ப வைத்ததும் சோப்புத் தண்ணீரால் கசிவுச் சோதனையை மறுபடி செய்துவிடுங்கள்.