பழைய பேப்பர் கடைக்காரன் சொல்கிறேன்: மாநகராட்சி மையத்துக்கு எதை, எப்படிக் கொண்டுபோவது

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் பழைய பேப்பர் கடை அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. மாநகராட்சியின் குப்பை தரம் பிரிக்கும் மையம் எங்களுக்குப் போட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. நான் எடை போட்டுக் காசு கொடுக்கிற சரக்கு வேறு, அந்த மையத்தால் மட்டுமே கையாள முடிகிற சரக்கு வேறு. இது புரியாமல், என்னிடம் வர வேண்டிய அட்டைப்பெட்டியைப் பிரியாணி எலும்போடு சேர்த்துக் கட்டி மையத்தில் வீசுகிறார்கள். மையத்துக்குப் போக வேண்டிய சிப்ஸ் கவர் மூட்டையை என் தராசில் கொண்டுவந்து வைத்து, விலை சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, வண்டியை எடுப்பதற்கு முன் பொருளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பது: இதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி, இரும்பு, தகரம், அலுமினியம், பித்தளை, செம்பு, எவர்சில்வர், பால் கவர், தண்ணீர் பாட்டில், உடைந்த பக்கெட், குடம் ஆகியவற்றுக்கு வாங்குகிற ஆள் இருக்கிறார். கடைக்குக் கொண்டுவந்தால் பணம். நேரமில்லையென்றால் மையத்திலேயே கொடுங்கள், நட்டமில்லை. எங்கள் கடைகளில் விலைபோகாத பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல், பழைய செருப்பு, மருந்து அட்டை, கிழிந்த துணி போன்றவற்றுக்குத்தான் மையம் கட்டாயம் தேவை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த பிஸ்கட், சிப்ஸ் உறைகளைப் பிரித்து மறுபடி பிளாஸ்டிக்காக உருக்குவது கட்டுப்படியாகாது. அவற்றை அழுத்திக் கட்டி, சிமெண்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். நனைந்தும் மண்ணோடும் போனால் அங்கேயும் மதிப்பில்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாக வீட்டிலேயே பிரிக்கச் சொல்லியிருந்தன. வேலூரில் 4 மண்டலம், 60 வார்டு. நகரக் குப்பையெல்லாம் சதுப்பேரி ஏரிப் பக்கம் போய் மலையாகக் குவிந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு, வார்டுக்குப் பக்கத்திலேயே பிரிப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். குப்பை அழுகுவதற்குள் பிரித்தால் அது சரக்கு, அழுகிய பின் வெறும் நாற்றம். இந்த வழியை ஊர் ஊராகக் கொண்டுபோன சி. சீனிவாசன் நம் வேலூர்க்காரர்தான்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. தனித்தனி வண்ணத் தொட்டி வாங்கிச் செலவு செய்யாதீர்கள். 26 கிலோ அரிசிப் பை எல்லா வீட்டிலும் காலியாகக் கிடக்கிறது. நாலு பை போதும்: காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, உறைகளுக்கு ஒன்று, உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் ஒன்று. பையைச் சரக்கோடு விட்டுவிட்டு வராமல், கொட்டிவிட்டுத் திரும்ப எடுத்துவந்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

பால் கவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல சரக்கு. நம் வீடுகளில் அதிகாலையில் ஆவின் கவரின் முனையைக் கத்தரித்து, அந்தத் துணுக்கைத் தொட்டித் துவாரத்தில் விட்டுவிடுவது வழக்கம். அந்த முக்கோணத் துணுக்கை எந்தத் தொழிலாளியாலும் பொறுக்க முடியாது. அது சாக்கடைக்குத்தான் போகும். முனையைப் பாதி மட்டும் வெட்டுங்கள், துணுக்கு கவரிலேயே தொங்கட்டும். பாலை ஊற்றியதும் மேற்பக்கம் முழுவதையும் திறந்து அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். வேலூர் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதே வெயிலில் கழுவாத கவர் சாயங்காலத்துக்குள் புளித்து ஈ மொய்க்கும். காய்ந்ததை மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூறு சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் போடுங்கள். தயிர் கவருக்கு இரண்டு முறை அலச வேண்டும். எண்ணெய் கவரை அலசிப் பயனில்லை. வெட்டிப் பழைய துணியால் துடைத்து உறைகள் பையில் போட்டுவிடுங்கள்.

காகிதம் கெடுவது ஈரத்தாலும் எண்ணெயாலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திண்ணையில் வைத்த கட்டு அடியிலிருந்து நீர் உறிஞ்சிவிடும், கீழே ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். பஜ்ஜி மடித்த தாள் காகிதச் சரக்கில்லை, அதை மக்கும் குப்பையோடு போடலாம். ஓட்டல் டீ கப் பார்வைக்குக் காகிதம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. இருந்தும் வருகிறது. வந்தால் உறைகள் பக்கம். கடை பில் அச்சாகிற வழவழப்பான தாளில் ரசாயனப் பூச்சு இருப்பதால் அதையும் காகிதத்தோடு கலக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தின் பிளாஸ்டிக் அட்டையை உருவிவிடுங்கள். சின்ன பின் இருந்தால் பரவாயில்லை, ஆலையிலேயே பிரிந்துவிடும். அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்து, பெட்டியைத் தட்டையாக்குங்கள். விரித்த பெட்டி ஒன்றின் இடத்தில் தட்டையானது பத்து அடங்கும்.

தினசரி காலண்டர் ஒரு தனித் தலைவலி. தாள், அட்டை, மேலே தகரப் பட்டி, நடுவில் சாமி படம். தகரப் பட்டியைக் கழற்றி உலோகத்தில் போடுங்கள், அட்டை காகிதத்தில் சேரும். சாமி படத்தைக் குப்பையில் போட மனமில்லாமல் அரச மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தையும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். காற்றில் சாய்ந்தால் உடைகிறது, வெறுங்காலோடு சுற்றி வருகிறவர் மிதிக்கிறார். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியைத் தனியாகவும் மரத்தைத் தனியாகவும் மையத்தில் கொடுங்கள். படத்தை மட்டும் உங்கள் மனம் சொல்கிறபடி செய்யுங்கள். அதில் நான் தலையிடவில்லை.

பிளாஸ்டிக்கில் எது எது என்று தெரியவில்லையா? பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகையான பெட். 2 ஷாம்பு, பினாயில் டப்பா வகை. 3 பி.வி.சி. 4 பால் கவர் வகை. 5 சாப்பாட்டு டப்பா, பாட்டில் மூடி வகை. 6 தெர்மாகோல் வகை. 7 மற்றவை. எண் தேய்ந்துபோயிருந்தால் பக்கெட் தண்ணீர் போதும். சின்னத் துண்டு வெட்டி, ஈரக் கையால் காற்றுக் குமிழை வழித்துவிட்டுத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விடுங்கள். பெட்டும் பி.வி.சி.யும் அடியில் போய் உட்காரும். பால் கவர் வகையும் மூடி வகையும் மேலே வந்து மிதக்கும். மறுசுழற்சி ஆலையில் பாட்டில் தூளிலிருந்து மூடித் தூளைப் பிரிப்பதும் இந்த முறையில்தான். பாட்டிலின் மூடியைத் திறந்து நசுக்கி, மூடியைத் தனியாகப் போடுங்கள். மூடியோடு வருகிற பாட்டில் காற்றை அடைத்துக்கொண்டு கட்டுக்குள் அடங்காமல் முரண்டு பிடிக்கும். பாதி குடித்த குளிர்பானத்தோடு கொண்டுவந்தால் அந்தப் பை முழுவதும் எறும்பு.

அடுத்தது எனக்குக் கோபம் வருகிற இடம். மையத்தில் பிரிப்பவர்கள் கையால் பிரிக்கிறார்கள். கையுறை இருந்தாலும் கண்ணாடிச் சில்லும் ஊசியும் அதைக் கிழிக்கும். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் பழைய பவுடர் டப்பாவிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ போட்டு மூடி, மேலே பெரிதாகக் ‘கண்ணாடி’ அல்லது ‘பிளேடு’ என்று எழுதிக் கையில் கொடுங்கள், குவியலில் வீசாதீர்கள். இன்சுலின் ஊசிக்கும் கெட்டியான டப்பாதான், மூடியில் டேப் ஒட்டிக் கொடுங்கள். சானிட்டரி நாப்கின், குழந்தை டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். பிரிக்கிற பெண் அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது. அப்புறம் அந்த முடிச்சு. இரட்டை முடிச்சு போட்டு இறுக்கிய பையை யாரும் நகத்தால் அவிழ்க்கப்போவதில்லை. நீங்கள் பொறுமையாகப் பிரித்ததெல்லாம் கலப்புக் குப்பையாகப் போய்ச் சேரும். வாயைத் திறந்தே வையுங்கள்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வெளி மாநிலத்தவர் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்து வைத்தியம் பார்க்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும்போது பக்கெட், பாய், பாத்திரம் எல்லாம் மிச்சம். லாட்ஜ் நடத்துகிறவர்கள் அதைக் குப்பை வண்டியில் ஏற்றாமல் தனியாக எடுத்து வைக்கலாம். 2023 மே மாதம் நாடு முழுவதும் உள்ளாட்சிகள் பழைய துணி, செருப்பு, புத்தகம், பொம்மை ஆகியவற்றைப் பெற்று மறுபயன்பாட்டுக்குக் கொடுக்கும் மையங்களைத் தொடங்கின. உங்களுக்கு அருகில் எங்கே என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். கொடுக்கும் துணி துவைத்ததாக இருக்கட்டும். நல்ல புடவை என்றால் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவுக்கே வருவார்.

பேட்டரி, மின்சாமான் விஷயத்தில் அவசரம் வேண்டாம். மின்வெட்டுக்காக வாங்கிய இன்வெர்ட்டரின் பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். செல்போன் பேட்டரி, பவர் பேங்க் உப்பியிருந்தால் குத்தாதீர்கள், நசுக்காதீர்கள். தீப்பிடிக்கும். முனைகளில் செல்லோ டேப் ஒட்டி, மற்ற எதனோடும் சேர்க்காமல் கொடுங்கள். டியூப் லைட்டிலும் பழைய சுருள் பல்பிலும் பாதரசம் உண்டு, புதிய பல்பின் அட்டை உறையிலேயே போட்டு முழுதாகக் கொண்டுபோங்கள். பழைய டிவியை ஒயருக்காக உடைத்துவிட்டு மீதியைத் தெருவில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே இருப்பது ஈயம் கலந்த கண்ணாடி.

வீட்டில் ஷூ மேல்பாகம் தைப்பவர்களுக்குத் தோல் வெட்டுத் துண்டுகள் சேரும். அவற்றை அடுப்பெரிக்கவோ குப்பையோடு கொளுத்தவோ கூடாது. குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் எரியும்போது அதிலுள்ள குரோமியம் நச்சு வகையாக மாற வாய்ப்புண்டு. துண்டுகளை மூட்டையாகச் சேர்த்து, வேலை கொடுத்த இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

எப்போது போவது? விடியற்காலையில் வண்டிகள் வீடு வீடாகக் கிளம்பும் பரபரப்பிலும், அவை நிறைந்து திரும்புகிற நேரத்திலும் போனால் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது. வண்டிகள் கொட்டி முடித்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகப் போங்கள். முதல் முறை வெறுங்கையோடு போய், எதை வாங்குகிறார்கள், எந்த நாளில் உறைகள் எடுக்கிறார்கள் என்று அங்கிருக்கும் அக்காவிடம் கேட்டுவிட்டு வந்தால் பெட்ரோல் மிச்சம். கதவு பூட்டியிருந்தால் மூட்டையை வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். நாய் இழுக்கும், மாடு பிளாஸ்டிக்கைத் தின்னும், மறுநாள் தெரு முழுவதையும் பெருக்குவதும் அதே அக்காதான்.

போகி வாரம் மட்டும் கணக்கு வேறு. டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் கேட்டுக்கொள்கிறது. எனவே அந்த வாரம் எல்லா வீட்டுப் பரணும் ஒரே நேரத்தில் மையத்துக்கு இறங்கிவரும். மார்கழி பாதியிலேயே பரணை ஒழித்துவிடுங்கள். இலவம் பஞ்சுத் தலையணை கொண்டுபோகிறவர்கள் உறையை அங்கே போய்க் கிழிக்காதீர்கள். பஞ்சு பறந்தால் அன்று ஷெட்டில் வேறு வேலை நடக்காது.