ரெஜிபோம் கொங்கிரீட் ஏன் வெடிக்கிறது? கலவையில் நாம் விடும் தவறுகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கை. மூன்றாம் மாடி சிலாப்புக்கு மேல் மழைத்தண்ணீர் ஓடுவதற்குச் சரிவு போட்டிருந்தார்கள். பழைய சிலாப்பில் பாரம் ஏறக்கூடாது என்பதால் ரெஜிபோம் மணி (பெட்டிகளில் பொதி கட்ட வரும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கின் சிறு உருண்டைகள்) கலந்த கொங்கிரீட். பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். வற்றிய குளத்துச் சேறு மாதிரி மேற்பரப்பு முழுக்க மயிர்வெடிப்பு. நாணயத்தால் தட்டினால் சில இடங்களில் உள்ளே பொள்ளல் சத்தம். "ஸ்ட்ரோங்கா இருக்கட்டும் எண்டு சீமெந்து கொஞ்சம் கூடத்தான் போட்டனான் சேர்" என்றார் மேசன் பாஸ். அக்கறையோடு செய்த வேலைதான். ஆனால் வெடிப்பை வரவழைத்ததே அந்தக் கூடுதல் சீமெந்து.

காயும்போது சுருங்குவது சீமெந்தும் தண்ணீரும் சேர்ந்த பசை. சாதாரண கொங்கிரீட்டில் கருங்கல் விறைப்பாக நின்று அந்தச் சுருக்கத்தைத் தடுக்கும். ரெஜிபோம் மணிக்கு அந்த விறைப்பு இல்லை, பசை இழுத்த பக்கம் அதுவும் போய்விடும். ஆகவே பாரம் குறைந்த கலவையில் பசையின் அளவை இன்னும் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கன மீற்றருக்குச் சீமெந்து 350 கிலோ, தண்ணீர் 160 லீற்றர், மணல் 500 கிலோ, மிச்ச இடத்துக்கு மணி என்று வைப்போம். இதில் 50 கிலோப் பை ஒன்றைக் கூட்டி, இளக்கத்துக்காக அதே விகிதத்தில் தண்ணீரையும் கூட்டினால், சுருங்கும் பசை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

அடுத்த தவறு ஈர மணல். கொழும்பில் இதுதான் ஆகப் பெரிய பிரச்சினை என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் இது கண்ணில் படுவதே இல்லை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வாசலில் குவித்த மணல் காய்வதேயில்லை. 500 கிலோ மணலில் 5 வீதம் ஈரம் என்றால், யாரும் ஊற்றாமலே 25 லீற்றர் தண்ணீர் கலவைக்குள் போய்விடுகிறது. சீமெந்துக்குத் தண்ணீர் விகிதம் 0.46 இலிருந்து 0.53 க்கு ஏறும். அதோடு, ஈரமான பொடி மணல் உப்பி நிற்கும். கால் பங்கு வரை இடம் கூட எடுக்கும். பெட்டியால் அளக்கும்போது பெட்டி நிறைந்துதான் இருக்கும், ஆனால் உள்ளே மணல் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மணல் குறைந்து, பசையும் தண்ணீரும் கூடிய கலவை வெடிக்காமல் என்ன செய்யும்? மணலுக்குத் தறப்பாள் போடுங்கள். முடிந்தால் பெட்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். மணலுக்குப் பதில் கல்தூள் பாவிப்பவர்கள் அதில் மாவு போன்ற நுண்தூள் கூடவா என்று பார்க்க வேண்டும். மாவு கூடினால் தண்ணீரும் கூடக் கேட்கும்.

கலவை தண்ணியாகப் போனால் மணி மிதந்து மேலே வரும். மேல் பக்கம் உதிரும், கீழே வெறும் பசை தங்கிச் சுருங்கும். நான் வழக்கமாக 10 லீற்றர் வாளியில் கலவையை நிரப்பி, தராசில் வைத்து, வாளியின் நிறையைக் கழித்துப் பார்ப்பேன். மேலே சொன்ன கலவைக்கு 10.2 கிலோ அளவில் வர வேண்டும். 12 கிலோ காட்டினால் மணி குறைந்துவிட்டது. நீங்கள் கணக்குப் போட்டதைவிடப் பாரமான சரக்குத்தான் சிலாப்பில் ஏறப்போகிறது. மணியில் தண்ணீர் ஒட்டாது. அதனால் முதலில் மணியோடு சீமெந்தையும் கொஞ்சத் தண்ணீரையும் சேர்த்துப் பூசவிட்டு, அப்புறம் மணலைப் போடுங்கள்.

நொறுங்கும் தன்மை வேறு விஷயம். கருங்கல் கொங்கிரீட்டில் வெடிப்பு கல்லைச் சுற்றி வளைந்து வளைந்துதான் போக வேண்டும். பாரம் குறைக்க ரெஜிபோம் மணிக்குப் பதில் சுட்ட களிமண் உருண்டை போட்ட கொங்கிரீட்டை உடைத்துப் பாருங்கள்: உருண்டைகள் கத்தியால் வெட்டின மாதிரி பாதி பாதியாக இருக்கும். வெடிப்பு நேராக ஓட வழி கிடைத்துவிட்டது. இங்கே சீமெந்தைக் கூட்டிப் பசையை எவ்வளவு பலமாக்கினாலும், உடையும்போது முன்னறிவிப்பில்லாமல் சட்டென்று உடையும். அதற்கு மருந்து இழைதான். கன மீற்றருக்கு 0.9 கிலோ பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை போட்டால் ஆரம்ப வெடிப்பு நன்றாகக் குறையும். உடைந்த பிறகும் பாரம் தாங்க வேண்டுமென்றால் அந்த அளவு போதாது, கூடத் தேவை. தும்பு மலிவுதான், ஆனால் சீமெந்தின் காரத்தில் அது காலப்போக்கில் பலமிழக்கும்.

களிமண் உருண்டையைக் காய்ந்தபடி போடுவதும் தவறு. அது கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும், மேசன் திரும்பவும் தண்ணீர் ஊற்றுவார். முதல் நாளே நனைத்து வடியவிடுங்கள்.

அந்த வெள்ளவத்தை மொட்டைமாடியை உடைத்துத் திரும்பப் போட்டோம். கூடுதல் பை போடவில்லை, மணலுக்குத் தறப்பாள் போட்டிருந்தோம், இழை சேர்த்தோம். கடற்காற்று அங்கே மத்தியானத்தில் பலமாக வீசும் என்பதால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். கை வைத்தால் பதியாத அளவுக்கு இறுகியதும் ஈரச் சாக்கு விரித்து, ஏழு நாள் காயவிடாமல் வைத்திருந்தோம்.