செட்டிநாட்டுச் சமையலை வீடியோ எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் இப்போது பல வீட்டு அடுப்படியில் செல்போன் ஸ்டாண்டும் ஒரு சாமான். நல்லதுதான். ஆனால் வீடியோவில் எல்லாமே சரியாக வருகிறது பாருங்கள், அதுதான் பெரிய தவறு.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். பச்சரிசி, உளுந்து, உப்பு, கொஞ்சம் பால், அவ்வளவுதான். ஆனால் மாவு நீர்த்தால் எண்ணெய் குடிக்கும், இறுகினால் உப்பாது. முதல் பணியாரம் வெந்த விதத்தைப் பார்த்துத்தான் ஆச்சிமார் மாவைத் திருத்துவார்கள். எண்ணெய் குடித்தால் ஒரு கரண்டி பச்சரிசி மாவு விழும். அந்த இடத்தை வெட்டிவிட்டு, அழகாக மிதக்கும் நாலாவதை மட்டும் காட்டினால் பார்ப்பவர் எதைக் கற்பது?

1963இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் சொல்லித்தர வந்தவர் ஜூலியா சைல்டு. உருளைக்கிழங்கு அடையைத் தூக்கித் திருப்பும்போது ஒரு பகுதி அடுப்பின்மேல் விழுந்தது. பொறுக்கிச் சட்டியில் சேர்த்தார். தைரியமாகத் திருப்பவில்லை, அதனால்தான் என்றும் சொன்னார். அது அப்படியே ஒளிபரப்பானது. கோழியைத் தரையில் போட்டு எடுத்தார் என்பது பிறகு ஊர்வாய் கட்டிய கதை.

அடுத்தது அளவு. 'ஒரு கப்' என்றால் எந்தக் கப்? உழக்கில் அரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பதுதான் இங்கே பழக்கம். அந்தக் கோபுரத்தைக் கேமராவுக்குக் கிட்டத்தில் காட்டுங்கள். 'கண்ணளவுதான்' என்று ஆச்சி சொன்னால், அவர் கையில் எடுத்ததை வாங்கி எடை போட்டுச் சொல்லுங்கள்.

'இந்த வயசுல எனக்கெதுக்கு?' என்று ஒதுங்குகிறவர்களுக்கு: ஜூலியா பாரிஸில் சமையல் பள்ளியில் சேர்ந்தபோது வயது 37. தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது 50. அதற்கெல்லாம் முன்பு, போர்க்காலத்தில், கண்டியில் உளவுத்துறை அலுவலகக் கோப்புகளைக் கவனித்தவர். நம் செட்டியார்கள் கொண்டுவிக்கப் போன, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன, அதே இலங்கைதான்.

செட்டிநாடு என்றாலே சிவக்கச் சிவக்கக் காரம் என்று காட்டுவதும் வேண்டாம். கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் வாசனைக்கு, கொஞ்சம் போதும். கவுனி அரிசி, கும்மாயம் போன்ற இனிப்புகளை யார் காட்டுவார்கள்? கும்மாயம் எடுத்தால், கருப்பட்டிப் பாகு சேர்ந்து, நெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் கட்டத்தை மட்டும் வேகமாக ஓட்டிவிடாதீர்கள். கிளறுகிற கைக்குத் தெரிய வேண்டியது முழுக்க அங்கேதான் இருக்கிறது.