சூதாட்டக் கடன் இருக்கும் வீட்டில் செலவைக் குறைப்பது எப்படி: எங்கள் நோட்டிலிருந்து

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் வரும். என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர், நான் ஓவர்லாக் டெய்லர். இரண்டு பேருக்கும் சேர்த்து வாரம் 9,000 ரூபாய் வரும். ஆர்டர் இல்லாத வாரம் ஆறாயிரத்துக்கும் இறங்கும். 2024 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்குப் போக நகை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். டப்பா காலி. நாலரைப் பவுனும் பேங்கில் அடகில் இருந்தது. அவர் ஆடிய ஆன்லைன் ரம்மிக்காக.

அன்றைக்கு ராத்திரி அவர் சொன்ன கடன் 1,80,000. ஒரு வாரம் கழித்து அது மூன்று லட்சமானது. கடைசியில் எல்லாவற்றையும் எழுதி முடித்தபோது 4,81,000. இதே நிலைமையில் இருக்கும் அக்கா தங்கச்சிகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கிருந்து ஆரம்பிக்கிறது? நான் சமையலறையிலிருந்து ஆரம்பித்தேன். அது தப்பு. அதனால் எங்கே தப்புச் செய்தேன், எப்படித் திருத்திக்கொண்டேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் முழுக் கடனையும் காகிதத்தில் கொண்டுவாருங்கள். வாயால் கேட்டால் முழுசாக வராது. மறைப்பதும் இந்த நோயில் ஒரு பகுதி என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். பேங்க், கிரெடிட் கார்டு, பதிவு பெற்ற கடன் ஆப் எல்லாம் கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கும். இந்த ரிப்போர்ட்டைத் தரும் கம்பெனிகள் சிபிலோடு சேர்த்து நாலு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவருடைய போனிலேயே, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எடுத்தோம். அவர் மறந்தே போயிருந்த ஒரு ஆப் கடன் அதில் இருந்தது.

ரிப்போர்ட்டில் வராதவை இருக்கின்றன. தண்டல் என்கிற தினவசூல் கடன், கைமாத்து, கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ், மாமா மச்சானிடம் வாங்கியது. இதற்கு நான் ஒரு நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் இதுல எழுதி வச்சிருங்க. எழுதினதுக்கு நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேனுங்க" என்றேன். கேட்கவும் இல்லை. அடுப்படியில் போய் அழுதேன். ஆனால் கேட்காமல் இருந்ததால்தான் கடைசி வரியும் அந்த நோட்டில் ஏறியது.

எங்கள் கணக்கு இது: நகைக்கடன் 1,40,000. ஆப் கடன் ஐந்தும் சேர்த்து 74,000. தண்டல் இரண்டு, 20,000. என் பேரில் இருந்த மகளிர் குழுக் கடன் 45,000. கம்பெனி அட்வான்ஸ் 40,000. கிரெடிட் கார்டு 32,000. சொந்தக்காரர்களிடம் 1,30,000.

இந்த நோட்டு எழுதும் நாட்களில் ஒரு ராத்திரி அவர், "நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்காச்சும் நிம்மதி" என்றார். இந்த மாதிரி ஒரு பேச்சு உங்கள் வீட்டில் வந்தால் கடனை மூடி வைத்துவிடுங்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. நாங்கள் அந்த ராத்திரியே கூப்பிட்டோம். அவர்கள் சொல்லித்தான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கே போன பிறகுதான் இது கொழுப்பு இல்லை, நோய் என்று என் மாமியாருக்கே புரிந்தது. கடன் அட்டவணையை மட்டும் போட்டுவிட்டு வைத்தியத்தை விட்டுவிட்டால், நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் மறுபடியும் அதே வழியில்தான் போகும்.

பணம் போகும் வழியை அடைப்பது

செலவைக் குறைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் போனில் சம்பளம் விழும், ஏழு மணிக்குள் அதில் பாதி ஆட்டத்துக்குப் போய்விடும். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் வீட்டின் ஓட்டை. கம்பெனியில் பேசி அவர் சம்பளத்தை என் கணக்குக்கு மாற்றினோம். மேனேஜரிடம் அவரே போய்க் கேட்டார். நான் கேட்டிருந்தால் அவருக்கு அங்கே தலைகாட்ட முடியாமல் போயிருக்கும்.

அவர் போனிலிருந்து யுபிஐ ஆப்களை எடுத்தோம். ஏடிஎம் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்து வைக்கும் வசதி எல்லா பேங்கிலும் இருக்கிறது, அதை அணைத்தோம். கிரெடிட் கார்டை முடக்கச் சொல்லி, பாக்கியைத் தவணையாக மாற்றினோம். ஆறு மாதத்துக்கு அவர் பட்டன் போன்தான் வைத்திருந்தார். ஆதார் ஓடிபி அவர் நம்பருக்கு வரும், அதை வைத்துக் கடன் எடுக்க முடியும் என்பதால், புதுக் கடன் எதுவும் எடுத்திருக்கிறாரா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் உட்கார்ந்து பேங்க் ஸ்டேட்மென்ட் பார்ப்போம். இப்போதும் பார்க்கிறோம்.

கைச்செலவுக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய் காசாகக் கொடுத்தேன். மூன்று டீ, ஒரு வடை. முதல் வாரம் கொடுக்கும்போது என் கை கூசியது. வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் திங்கட்கிழமை காலையில் ஆறு நாளைக்கும் சேர்த்து 360 ரூபாயை அவர் சட்டைப் பையில் வைத்துவிட ஆரம்பித்தேன். தொகை அதேதான், ஆனால் தினமும் கையேந்த வைக்காதது பெரிய வித்தியாசம். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், "அவர் கேட்டா குடுக்காதீங்க, எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரிந்தே சொன்னேன்.

சமையலறையில் கை வைத்த கதை

முதல் மாதம் நான் வெறியோடு சிக்கனம் பிடித்தேன். பால் ஒரு லிட்டரை அரை லிட்டர் ஆக்கினேன். ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்தினேன். பிள்ளைகளின் முட்டையை நிறுத்தினேன். மாதம் 14,000 கடனுக்குக் கட்டினேன். பெருமையாக இருந்தது. ஏழாவது வாரம் பையன் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு 300 ரூபாய் கேட்டான், இல்லை என்றேன். அன்றைக்கே அவர் யாரிடமோ 1,200 ரூபாய் வாங்கி மூணு நம்பர் லாட்டரியில் போட்டுவிட்டு வந்தார். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் தேடிப் போகிறவருக்குக் கிடைக்கிறது. "பையன் முகத்தைப் பாக்க முடியல. ஒரே ஒரு தடவை அடிச்சா எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்னு தோணுச்சு" என்றார்.

டாக்டர் என்னிடம்தான் அதிகம் பேசினார். சீக்கிரம் அடைக்கணும் என்ற அவசரமும், ஒரே ஆட்டத்தில் மீட்கணும் என்ற ஆசையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றார். வீட்டை மூச்சு முட்ட வைத்தால் அவர் மனசு குறுக்குவழியைத் தேடும். அன்றிலிருந்து மாதத் தொகையை 9,000 ஆகக் குறைத்தோம். பால், முட்டை, ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கோழி, பிள்ளைகளின் படிப்பு: இந்த நாலிலும் கை வைப்பதில்லை என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அப்படியானால் எதில் குறைத்தோம்? சனிக்கிழமை ராத்திரிப் பரோட்டாக் கடைக்கு மட்டும் வாரம் 500 போய்க்கொண்டிருந்தது. அதை மாதம் ஒரு தடவை ஆக்கினோம். ஷேர் ஆட்டோவில் போய்வர எனக்கு நாளுக்கு 40 ரூபாய் ஆகும். 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று தெரிந்தும், கூட்டத்துக்குப் பயந்து ஏறாமல் இருந்தேன். இருபது நிமிஷம் முன்னால் கிளம்பினால் கூட்டம் இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வேலைக்குப் போகிற வீட்டில் ரேஷனுக்கு யார் நிற்பது என்று விட்டுவைத்திருந்தேன். மாமியார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். காய் வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தையில்.

கரண்டில் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது எங்களைப் போல லைன் வீட்டில் சப் மீட்டரில் இருப்பவர்களுக்கு வந்து சேர்வதில்லை. வீட்டுக்காரம்மா யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார்.

ரொம்பக் கஷ்டமாக இருந்தது மொய்தான். எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு வாழ்நாள் கணக்கு. நமக்கு 1,000 வைத்தவருக்கு நாம் 1,000 வைத்தே ஆகவேண்டும். வைத்தவர்களுக்கு மட்டும் திருப்பி வைத்தேன். புது மொய் எதுவும் வைக்கவில்லை. அந்த வீடுகளுக்கு முதல் நாளே போய்க் காய் நறுக்கிக் கொடுத்து, பந்தியில் பரிமாறிவிட்டு வந்தேன். யாரும் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை.

எந்தக் கடன் முதலில்

தண்டலை முதலில் முடியுங்கள். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் கையில் 8,500 தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போகிறது, சராசரியாகப் பார்த்தால் நம் கையில் இருப்பது அதில் பாதிப் பணம்தான். கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய பத்து வட்டி வருகிறது. என் அண்ணன் ஒரு லட்சம் தருகிறேன், எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள் என்றார். 15,000 மட்டும் வாங்கி, நானே போய்த் தண்டல் இரண்டிலும் மிச்சமிருந்ததைக் கட்டி முடித்தேன். கடன் மொத்தமும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டால், "உங்களுக்கு 50,000 தயாராக இருக்கிறது" என்று ஆப்களிலிருந்து மறுநாளே செய்தி வரும். அதைத் தாங்கும் தெம்பு அவருக்கு அப்போது இல்லை.

அடுத்து ஆப் கடன்கள், சின்னதிலிருந்து பெரியதாக. ஒவ்வொன்றும் முடிந்ததும் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி, கணக்கையே மூடச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு முன்னாலும் ராத்திரி ஏழுக்குப் பின்னாலும் வசூல் ஆட்கள் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. போட்டோவை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் செய்யுங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-லும், அடாவடி வசூலுக்கு எதிராக 2025-லும் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. பயந்துகொண்டு இன்னொரு இடத்தில் வாங்கிக் கட்டாதீர்கள்.

மகளிர் குழுத் தவணையை ஒரு வாரம்கூட நிறுத்தாதீர்கள், நாம் கட்டாவிட்டால் மற்ற பெண்கள் கட்டவேண்டி வரும். நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டி வருஷா வருஷம் புதுப்பித்தோம். அடகு வைத்தபோது பவுன் ஐம்பதாயிரத்துக்குக் கீழே, 2025 முடிவதற்குள் ஒரு லட்சத்தைத் தொட்டது. அதே நகைக்கு இன்னும் கூடுதலாகத் தருகிறோம் என்பார்கள். வாங்காதீர்கள். சொந்தக்காரர்கள் கடைசி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரும் நானும் சேர்ந்து போய், மாதம் 500 வீதம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

வாரச் சம்பளக்காரர்களுக்கு ஒன்று சொல்லணும். வருஷத்தில் பெரும்பாலும் நாலு மாதத்துக்கு ஐந்து சனிக்கிழமை வரும். வாடகையும் மாதச் செலவுகளும் நாலு வாரத்துக்குள் முடிந்துவிட்டிருக்கும். அந்த ஐந்தாவது வாரத்தில் மளிகை, பால் போக மிச்சம் முழுவதும் கடனுக்கு. ஜனவரியிலேயே காலண்டரில் அந்த நாலு சனிக்கிழமைகளையும் வட்டம் போட்டு வைக்கிறேன். தீபாவளி போனஸும் அப்படித்தான், எங்கே போகவேண்டும் என்று புரட்டாசியிலேயே எழுதிவிடுவோம். கைக்கு வந்த பிறகு யோசித்தால் மனசு அலைபாயும். போன தீபாவளி போனஸில் கம்பெனி அட்வான்ஸ் முடிந்தது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்தார்கள். அந்த வாரம் நிறையப் பேர் எனக்குப் போன் செய்து, இனி உனக்குக் கவலை இல்லை என்றார்கள். எங்களுக்கு உதவிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்மென்ட் பார்ப்பதையும், மாதம் ஒரு தடவை டாக்டரிடம் போவதையும் நாங்கள் நிறுத்தவில்லை.

மறுபடியும் சறுக்கினால் என்ன செய்வது என்று முன்னாலேயே பேசி வையுங்கள். எங்களுக்குள் பேச்சு இது: அன்றைக்கே சொல்லிவிடவேண்டும், தொகையை நோட்டில் சிவப்பு மையில் எழுதவேண்டும், மறுநாள் 14416. திட்டு கிடையாது, இழந்ததை மீட்கப் பணமும் கிடையாது. ஆசை எழும்பினால் அரை மணி நேரம் தள்ளிப்போட்டால் தணியும் என்று டாக்டர் சொன்னதால், அந்த நேரத்தில் அவர் பையனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுவார். சில நாள் ராத்திரி பத்து மணிக்குக்கூடப் போயிருக்கிறார்கள்.

சிவப்பு மை எங்கள் நோட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது. கடைசியாக எழுதியது 2024 நவம்பரில். பாக்கி இப்போது 2,38,000.

போன மாதம், சம்பளத்தை மறுபடியும் உன் கணக்குக்கே மாற்றலாமா என்று மேனேஜர் அவரிடம் கேட்டாராம். "இன்னும் ஒரு வருஷம் போகட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.