பச்சிளங்குழந்தையின் வயிற்றுக் கட்டி: தொடுவதிலிருந்து தையல் வரை

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், அது எந்த உறுப்பைச் சேர்ந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பாதிக்கு மேல் சிறுநீரகத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை நீர் கோத்துக்கொண்டவை, புற்றுநோய் அல்ல. உறுப்பு தெரிந்தாலே கத்தி வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சிங்கப்பூரில் 20 வார ஸ்கேனிலேயே பல கட்டிகள் தெரிந்துவிடுகின்றன. ஆனால் பெண்சிசுவின் சினைப்பை நீர்க்கட்டி பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் வளரும். ஆகவே அந்த அறிக்கையை நம்பி வயிற்றைத் தொடாமல் விடாதீர்கள். மஞ்சள் காமாலை பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்கு வரும் நாளிலும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

பால் குடிக்கும்போது வயிறு தளர்ந்திருக்கும். கையைச் சூடாக்கி, குழந்தையின் கால்களை மடித்துப் பிடித்து, விரல்களைத் தட்டையாக வைத்து மெல்ல அழுத்துங்கள். ஆண் குழந்தையின் அடிவயிற்றில் நடுவே உருண்டையாக இருந்தால் முதலில் மூத்திரப்பையைச் சந்தேகியுங்கள். குழாய் போட்டு வடித்ததும் மறைந்தால், சிறுநீர்த்தாரையில் வால்வு அடைப்பை (வழியை மறிக்கும் சவ்வு மடிப்பை) தேட வேண்டும். கட்டி என்று உறுதியானபின் ஆளுக்கு ஆள் அமுக்கிப் பார்க்க வேண்டாம். வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்: எண்ணெய் தேய்த்து வயிற்றை உருவிவிடுவதைப் பாட்டி நிறுத்தியே ஆக வேண்டும். உறை கிழிந்தால் கட்டி வயிற்றுக்குள் சிந்தும், ரத்தமும் கசியும்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட். கட்டியின் சுவரை உற்றுப் பாருங்கள். உள்ளே வெள்ளைக் கோடு, வெளியே கறுப்புக் கோடு என்று இரண்டு அடுக்கு தெரிந்தால் இரட்டிப்புக் குடலாக (குடலை ஒட்டிக் கூடுதலாக உருவான குடல் பையாக) இருக்கலாம். பெரிய நீர்க்கட்டிக்குள் ஓரமாக ஒரு குட்டி நீர்க்கட்டி ஒட்டியிருந்தால் சினைப்பை. அதில் வண்டல் படிந்து மட்டக்கோடு விழுந்திருந்தால், சினைப்பை ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். திடக்கட்டிக்கு எம்ஆர்ஐ எடுங்கள்; வயிறாரப் பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்கவைத்தால் பல நேரம் மயக்க மருந்தே வேண்டாம். சில கட்டிகளில் கூடும் ஏஎஃப்பி என்ற புரதத்தின் ரத்த அளவைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் பயப்படுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிறந்தவுடன் ஒரு மில்லிக்குப் பல்லாயிரம் நானோகிராம் இருப்பது இயல்பு; பெரியவர்களின் அளவுக்கு இறங்கச் சுமார் 8 மாதம் ஆகும்.

கத்தியே வேண்டாதவையும் உண்டு. 4 சென்டிமீட்டருக்குக் குறைவான, தெளிந்த நீருள்ள சினைப்பைக் கட்டி தாயின் ஹார்மோன் குறையக் குறையத் தானே சுருங்கும். கல்லீரல் ரத்தக்குழாய்க் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்தால் ரத்தம் பீறிடும். பலருக்குப் புரோப்ரனலால் என்ற மருந்தே போதும். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் ரத்தக்கசிவா, நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியா என்று குழம்பினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, சில வார இடைவெளியில் மறுபடி ஸ்கேன் எடுங்கள். கசிவு சுருங்கிவிடும்.

அறுவைக்குப் போகும் குழந்தையைக் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போல, குழந்தை அறுவை நிபுணரும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் சேர்ந்திருக்கும் இடத்துக்கே அனுப்புங்கள். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே போட்டாயிற்றா என்று பாருங்கள். ஊசிவழியைக் கையில் போடுங்கள். கட்டி, உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையை நசுக்கினால் காலில் ஏற்றும் ரத்தம் இதயத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. 3 கிலோ குழந்தையின் உடலில் இருப்பதே சுமார் 240 மில்லி ரத்தம். ஐந்து தேக்கரண்டி போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே நனைந்த ஒவ்வொரு காஸ் துணியையும் தராசில் வையுங்கள். 1 கிராம் கூடினால் ஏறத்தாழ 1 மில்லி.

தொப்புளுக்கு மேலே குறுக்காகத் திறந்தால் இருபுறமும் கை எட்டும். பிறந்த முதல் மாதங்களில் அதிகம் காணும் திடச் சிறுநீரகக் கட்டியான மெசோபிளாஸ்டிக் நெஃப்ரோமாவைச் சிறுநீரகத்தோடு, உறை கிழியாமல் முழுதாக எடுக்க வேண்டும். பக்கத்து நிணநீர்க்கணுக்களிலும் மாதிரி எடுங்கள். இரட்டிப்புக் குடலும் பக்கத்துக் குடலும் பெரும்பாலும் ஒரே ரத்தக்குழாயை நம்பியிருப்பவை. பிரிக்க முயன்றால் நல்ல குடல் கறுத்துப்போகும். அந்தத் துண்டையும் சேர்த்து வெட்டி, நுனிகளை இணையுங்கள். நீளமாக இருந்தால் உள்சவ்வை மட்டும் உரித்தெடுக்கலாம். அதில் இரைப்பைச் சவ்வு மிஞ்சினால் புண்ணாகி ரத்தம் கசியும். முறுக்கிய சினைப்பை கறுத்துத் தெரிந்தாலும் அவசரப்பட்டு அகற்றாதீர்கள். முறுக்கை அவிழ்த்தபின் பிழைத்தவை உண்டு.

சிசுவுக்குள் சிசு, அதாவது குழந்தையின் உடலுக்குள் இன்னொரு சிசு அடங்கியிருப்பது, சுமார் 5 லட்சம் பிறப்பில் ஒன்று. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வரிசை தெரிந்தால் சந்தேகியுங்கள். 'குழந்தை கர்ப்பமாக இருக்கிறது' என்ற பேச்சு வார்டில் எழவே கூடாது. அது வளராமல் நின்ற இரட்டை என்று பெற்றோருக்கு நேராகச் சொல்லுங்கள்.

தையல் போட்டபின் சிறுநீரைக் கவனியுங்கள். மணிக்குக் கிலோவுக்கு 1 மில்லிக்குக் கீழே இறங்கி, வயிறும் விறைத்து, மூச்சுக்கருவியின் அழுத்தமும் ஏறினால், இறுக்கி மூடிய வயிறு உறுப்புகளை நசுக்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் தையலைத் திறக்கத் தயங்காதீர்கள்.