உங்கள் ஊர் நகராட்சி இணையதளம் மக்களுக்கு உதவுகிறதா? ஒரே நாளில் சோதிக்கும் முறை

நகராட்சி இணையதளம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் முகப்புப் பக்கத்தின் நிறத்தையும் படத்தையும் பார்த்துப் பதில் சொல்கிறவர்களே அதிகம். அந்தத் தளத்துக்கு வருகிறவர் அதையெல்லாம் பார்க்க வருவதில்லை. பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர் இரண்டு ஷிப்டுக்கு நடுவில் சொத்து வரி பாக்கியைப் பார்க்க வருகிறார். கோபியில் ஒரு தாய் பள்ளிச் சேர்க்கைக்காகப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வருகிறார். வந்த வேலை முடிந்ததா, எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்பதுதான் அளவுகோல். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதை வைத்தே அமைந்தவை.

ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், ஒரு கணினி, ஒரு நோட்டு, கடிகாரம் போதும்.

படி 1: ஐந்து வேலைகளை எழுதுங்கள்

இந்த அரையாண்டுக்குச் சொத்து வரி எவ்வளவு என்று பார்ப்பது, பிறப்புச் சான்றிதழ் எடுப்பது, தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் செய்யும் இடத்தைக் கண்டுபிடிப்பது, புதுக் குடிநீர் இணைப்புக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், டெபாசிட் எவ்வளவு என்று அறிவது, வார்டு சுகாதார ஆய்வாளரின் தொலைபேசி எண்ணை எடுப்பது. தொடக்கத்துக்கு இந்த ஐந்தும் போதும்.

வேலையை மக்கள் பேசுகிற வார்த்தையில் எழுதுங்கள். தளத்தின் மெனுவில் 'பொதுமக்கள் குறைதீர்ப்பு' என்று இருந்தால், தாளிலும் அதையே எழுதாதீர்கள். எழுதினால் சோதனைக்கு வருகிறவர் அந்தச் சொல்லைத் தேடி அமுக்கிவிடுவார்; உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. 'வீதியில லைட் எரியறதில்ல, யாருகிட்டச் சொல்லோணும்?' என்று எழுதினால்தான் மெனுவின் குறை வெளியே வரும்.

படி 2: போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்

வைஃபையை அணைத்துவிடுங்கள். பழைய கோப்புகள் நினைவில் இல்லாதபடி மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிடோ) திறந்து, முக்கிய உள்ளடக்கம் தெரியும்வரை எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 2.5 நொடிக்குள் வந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் முகப்பில் ஓடும் விழாப் படங்கள். கேமராவில் எடுத்த அளவிலேயே சுருக்காமல் ஏற்றியிருப்பார்கள்.

வரி கட்டும் பக்கம் பெரும்பாலும் மாநில அளவிலான பொதுத் தளத்தில் இருக்கும். ஊர்த் தளத்திலிருந்து அங்கே தாவும் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். ஊர்த் தளத்திலிருந்து வந்தவரிடமே மறுபடி மாவட்டம், ஊர் என்று கேட்கிறதா? கேட்டால் அந்தப் பட்டியலின் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் அவிநாசி, ஈரோடு, கோபிசெட்டிபாளையம், கோயம்புத்தூர், தாராபுரம், பவானி என்று வர வேண்டியது, ஆங்கில அகர வரிசையிலேயே விடப்பட்டால் அவிநாசி, பவானி, கோயம்புத்தூர், தாராபுரம், ஈரோடு, கோபிசெட்டிபாளையம் என்று நிற்கும். ஈரோட்டுக்காரர் மேலேயே தேடிவிட்டு, 'நம்ம ஊரு இதுல இல்லீங்க' என்று மூடிவிடுவார்.

படி 3: தமிழைச் சோதியுங்கள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். நம் ஊர்த் தளங்களைச் சோதிக்கும்போது அவசியம் பார்க்க வேண்டியது இது, வெளிநாட்டுச் சரிபார்ப்புப் பட்டியல்களில் இருக்காது.

ஒரு தமிழ் வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அப்படியே தமிழாக வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி படிக்கும் பொதுக் குறியீட்டு முறை. ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலைந்து வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துரு. தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம். பின்னிரண்டிலும் தேடுபொறிக்கு அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பார்வையற்றவரின் போனில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி அதைத் தமிழாகப் படிக்காது. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, ஆகவே இதைப் பெருங்குறையாகவே எழுதலாம்.

பிடிஎஃப் கோப்புகளிலும் 'வரி' என்று தேடுங்கள். சொல் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் கிடைக்காவிட்டால், தாளை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கலாம், அல்லது பழைய எழுத்துருவாக இருக்கலாம். 'வரி' கிடைத்து 'கொசு' கிடைக்காமல் போவதும் உண்டு: சில கோப்புகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து பதிவாகியிருக்கும்.

உள்பக்கம் ஒன்றில் நின்றுகொண்டு மொழியை மாற்றுங்கள். அதே பக்கம் தமிழில் வர வேண்டும். முகப்புக்குத் தள்ளிவிட்டால் குறை. இயந்திர மொழிபெயர்ப்பையும் தேடுங்கள். 'முகப்பு' இருக்க வேண்டிய இடத்தில் 'வீடு' என்று இருந்தால், அந்தத் தமிழை ஆள் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

படி 4: நிறமும் அசைவும்

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான உலக அணுகல்தன்மை விதி. வெள்ளையின் மேல் பளிச்சென்ற தூய சிவப்பு ஏறத்தாழ 4க்கு 1தான் தேறும்; அறிவிப்பு எல்லாம் சிவப்பில் போடும் வழக்கம் இங்கே தோற்கிறது. தானாக ஓடும் அறிவிப்புப் பட்டை 5 நொடிக்கு மேல் ஓடினால் நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். குரோமில் உள்ள லைட்ஹவுஸ் கருவி நிற வேறுபாட்டைத் தானே சொல்லிவிடும். ஆனால் அது தரும் மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள்: படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அது பார்க்கும், 'படம்1' என்பது விளக்கமா என்று பார்க்காது.

படி 5: படிவத்தில் தவறு செய்யுங்கள்

சொத்து வரிப் பக்கத்தைத் திறந்து, உங்கள் சொந்த வரிவிதிப்பு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் எண்ணை அவர் அனுமதியில்லாமல் போடக் கூடாது. பணம் கட்டும் கட்டத்துக்கு முன்பே நிறுத்துங்கள். பொய்ப் புகாரும் அனுப்பாதீர்கள்.

முதலில் பழைய ரசீதில் உள்ள பழைய எண்ணைப் போடுங்கள். பிறகு எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விடுங்கள். பிறகு ஓர் இலக்கத்தைக் குறையுங்கள். 'தவறான எண்' என்று மட்டும் சொன்னால் பயனில்லை. எத்தனை இலக்கம் வேண்டும், ரசீதில் எந்த மூலையில் அது இருக்கும், பழைய எண்ணை எங்கே புது எண்ணாக மாற்றலாம் என்று சொல்ல வேண்டும். பிழை வந்ததும் நிரப்பிய மற்றப் பெட்டிகள் காலியாகிவிடுகின்றனவா என்றும் பாருங்கள். பலர் விட்டுப் போவது அங்கேதான்.

படி 6: ஐந்து பேரை உட்கார வையுங்கள்

5 பேரைக் கொண்டு சோதித்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ல் கணக்குக் காட்டினார். கணினி படித்த ஐந்து பேரை எடுக்காதீர்கள். மளிகைக் கடைக்காரர், அறுபது தாண்டியவர், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண் என்று கலந்து கூப்பிடுங்கள். அவரவர் போனிலேயே செய்யட்டும்.

முதலில், 'நாங்க உங்களைச் சோதிக்கலீங்க, இந்தத் தளத்தைத்தான் சோதிக்கறோம். மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லீட்டே செய்யுங்க' என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு வாய் திறக்கக் கூடாது. 'ஏனுங்க, இதுல எதைங்க அமுக்கோணும்?' என்று கேட்டால், 'நாங்க இல்லாட்டி எதை அமுக்குவீங்க?' என்று திருப்பிக் கேளுங்கள். கை நீட்டிக் காட்டினால் அந்தச் சோதனை போயிற்று. எங்கே விரல் தயங்கியது, எந்தச் சொல்லை இரண்டு தடவை படித்தார், எத்தனை நிமிடம் ஆனது, முடித்தாரா என்று எழுதுங்கள். ஒரு வேலைக்கு 5 நிமிட வரம்பு போதும்.

படி 7: அறிக்கை

ஒவ்வொரு குறைக்கும் 1 முதல் 4 வரை எடை போடுங்கள். வேலையே நின்றுபோனால் 4, சுற்றி வளைத்து முடித்தால் 3, தயங்கினால் 2, கண்ணுக்கு மட்டும் உறுத்தினால் 1. எந்தப் பக்கம், என்ன செய்தபோது, எத்தனை பேர் தடுக்கினார்கள், எப்படித் திருத்தலாம் என நான்கு விவரம், கூடவே ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்). 'தளம் சரியில்லை' என்று எழுதினால் எந்த அலுவலராலும் ஒன்றும் செய்ய முடியாது. 'குடிநீர் இணைப்புப் பக்கத்தில் டெபாசிட் தொகை இல்லை, 5 பேரில் 4 பேர் கண்டுபிடிக்கவில்லை, மூன்றாம் பத்திக்குக் கீழே அட்டவணையாகப் போடலாம்' என்று எழுதினால் அன்றைக்கே திருத்திவிடலாம்.

4 எடைக் குறைகளை முதல் பக்கத்தில் வைத்து, நகராட்சி ஆணையருக்கு, பேரூராட்சியானால் செயல் அலுவலருக்கு, எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அதே ஐந்து வேலைகளை, அந்த ஐந்து பேர் அல்லாத வேறு ஐந்து பேரிடம் கொடுத்து மறுபடி நேரம் பாருங்கள். பழைய ஆட்களுக்கு வழி தெரிந்திருக்கும்.