வலி இல்லை, ஆகவே மூட்டு நன்றாக இருக்கிறது: சிக்கலான இடுப்பு மாற்றுக்குப் பின் நடக்கும் தவறுகள்

பொருத்திய இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன என்று 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளிலிருந்து வந்த கணக்கு அது. முதன்முறையாக மூட்டு மாற்றிக்கொண்டவர்களைப் பற்றியது. பிறவியிலேயே இடுப்பு விலகியிருந்தவர், முதுகுத்தண்டு இறுகும் நோயால் இடுப்பும் ஒட்டிப்போனவர், பழைய எலும்பு முறிவில் இடுப்பெலும்பின் கிண்ணப் பகுதி சிதைந்தவர், இரண்டாம் மூன்றாம் முறை அறுவை செய்துகொண்டவர், இவர்களெல்லாம் அந்த எண்ணை அப்படியே தமக்குப் பொருத்திப் பார்த்து நிம்மதி அடைவது சரியல்ல. எலும்பு குறைவாக இருக்கும் இடத்தில் பொருத்திய மூட்டுக்குக் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும்.

இதையும்விடப் பெரிய தவறு, வலி இல்லை என்பதால் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடுவது. செயற்கைக் கிண்ணத்தின் உட்புறம் இருக்கும் பிளாஸ்டிக் உறை (லைனர்) உரசும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். உடலின் செல்கள் அவற்றை விழுங்கிச் செரிக்க முயலும்போது எழும் அழற்சி, சுற்றியுள்ள எலும்பைக் கரையான்போல் உள்ளிருந்து அரிக்கிறது. நோயாளி நன்றாக நடந்துகொண்டிருப்பார். எக்ஸ்-ரேயில் மட்டும் கருமையான குழிகள் தெரியும். வலி வரும் நாளில் அடுத்த மூட்டைத் தாங்கிப் பிடிக்கப் போதிய எலும்பு மிஞ்சாமல் போயிருக்கலாம். 1990-களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த குறுக்குப் பிணைப்பால் வலுவூட்டிய பாலிஎதிலீன் பிளாஸ்டிக் இந்தத் தேய்மானத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஆனாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்-ரே எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு படம் மட்டும் இருந்தால் மூட்டு நகர்ந்திருக்கிறதா என்று சொல்வது கடினம்.

உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகளில் தொடை வலித்து, பிறகு தணிகிறதா? தொடை எலும்புக்குள் செருகிய செயற்கை மூட்டின் தண்டு தளர்ந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். கவட்டைப் பகுதி வலித்தால் செயற்கைக் கிண்ணம் தளர்ந்ததோ என்று சந்தேகம் வரவேண்டும். இரண்டையும் முதுகுவலி என்று எண்ணி மாதக்கணக்கில் தைலம் தடவிக் காலம் கடத்துபவர்கள் நிறையப் பேர்.

எந்த நிறுவனத்தின் எந்த மூட்டு உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதும் தவறு. டிபியூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலோகத்தோடு உலோகம் உரசும் தன் ஏஎஸ்ஆர் மூட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்ட பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு, மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மறு அறுவை செய்யும் மருத்துவருக்கு, எதைக் கழற்றப்போகிறோம் என்று முன்பே தெரிவது பெரிய உதவி.

பலர் கைத்தடியை அறுவை செய்த பக்கத்துக் கையில் பிடிக்கிறார்கள். அதுவும் தவறு. எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் இடுப்புத் தசையின் சுமை குறையும். பலமுறை அறுத்த இடத்தில் அந்தத் தசை பலவீனமாக இருப்பதால், பிசியோதெரபியைச் சில வாரங்களில் நிறுத்திவிட்டால் சாய்ந்து நடக்கும் நடை நிலைத்துவிடும். தாழ்வான நாற்காலியும் குத்தவைத்து உட்காரும் கழிப்பறையும் மூட்டை நழுவச் செய்யலாம். முதுகு இறுகிப்போனவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எவ்வளவு குனியலாம் என்று அறுவை செய்தவரிடமே கேளுங்கள், அடுத்த வீட்டுக்காரர் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

கடைசியாகச் சொல்வதுதான் மிக அவசரமானது. பல ஆண்டுகள் நன்றாக இருந்த மூட்டில்கூட, உடலின் வேறொரு இடத்துக் கிருமி ரத்தத்தின் வழியே வந்து தங்கலாம்: காலில் ஆறாத சர்க்கரைப் புண், பல் வேரில் சீழ், சிறுநீர்த் தொற்று. மூட்டு திடீரென வலித்து, காய்ச்சலும் வந்தால், பலர் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். காய்ச்சல் தணியும், கிருமி ஒளிந்துகொள்ளும். பிறகு மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்தாலும் எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகலாம். வலி தொடங்கிய சில நாட்களிலேயே மருத்துவரிடம் வந்தால், கழுவிச் சுத்தம் செய்து மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. வாரங்கள் கடந்தால் முழு மூட்டையும் எடுத்து, பெரும்பாலும் இரண்டு கட்டமாகத்தான் புதியதைப் பொருத்த நேரிடும். ஆகவே மாத்திரை போடுமுன், அன்றே, எலும்பு மூட்டு மருத்துவரிடம் போய் "எனக்குச் செயற்கை இடுப்பு இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள்.